நிரம்பிய குழாயில் இன்னும் ஓர் இணைப்பு: இங்கிலாந்தில் உறங்கும் வடிகால் சட்டம்

இங்கிலாந்தில் ஒரு தனி வீடு கட்டப்பட்டாலும், ஐந்நூறு வீடுகள் கொண்ட குடியிருப்பு எழுந்தாலும், அங்கிருந்து வெளியேறும் கழிவுநீரை அருகிலுள்ள பொதுக் கழிவுநீர்க் குழாயில் இணைத்துவிடும் உரிமை அதன் உரிமையாளருக்குச் சட்டப்படி உண்டு. கூரையிலும் முற்றத்திலும் விழும் மழைநீருக்கும் இந்த உரிமை பெருமளவுக்குப் பொருந்தும். அந்தக் குழாய் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது என்பது இணைப்பை மறுக்கப் போதுமான காரணமாகச் சட்டத்தில் ஏற்கப்படவில்லை.

1991ஆம் ஆண்டின் தண்ணீர்த் தொழில்துறைச் சட்டத்தின் 106வது பிரிவு இந்த உரிமையை வழங்குகிறது. இணைக்க விரும்புபவர் தண்ணீர் நிறுவனத்துக்கு முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். நிறுவனம் 21 நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்கலாம். ஆனால் இணைக்கப்படும் குழாயின் கட்டுமானம் தரக்குறைவானது, அல்லது அதன் நிலை பொதுக் குழாய் அமைப்புக்குக் கேடு விளைவிக்கும் என்ற காரணங்களைத்தான் அது சொல்ல முடியும். கழிவுநீருக்கும் மழைநீருக்கும் தனித்தனிக் குழாய்கள் உள்ள இடங்களில் ஒன்றை மற்றொன்றில் கலப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. அதற்கு மேல் தடையில்லை.

இந்த உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றிவிட்டது. வேல்ஸ் அதை 2019இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதி வந்தபோதும் அது ஏட்டளவிலேயே இருந்தது.

இதனால் ஏற்படும் பாதிப்பின் அளவைப் புள்ளிவிபரங்கள் காட்டுகின்றன. சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட கணக்கின்படி, 2024ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கழிவுநீர்க் குழாய்களில் உள்ள அவசரகால வழிகள் ஊடாக 4,50,398 தடவைகள் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் ஆறுகளுக்கும் கடலுக்கும் திறந்துவிடப்பட்டது. அவற்றின் மொத்த நேரம் 36 இலட்சம் மணித்தியாலங்களுக்கும் அதிகம். 2023ஆம் ஆண்டிலும் ஏறத்தாழ இதே அளவு நேரம் பதிவாகியிருந்தது.

இந்த வெளியேற்றங்கள் அனைத்துக்கும் புதிய வீடுகள்தான் காரணம் என்று கூறுவது தவறு. பழைய குழாய்கள், தண்ணீர் நிறுவனங்கள் செய்யத் தவறிய முதலீடு, கடுமையாகிவரும் மழை என்று காரணங்கள் பல. ஆனால் இந்தக் காரணங்களில், புதிய செலவு பெரிதாக இல்லாமல் சட்டத்தின் மூலமே குறைத்திருக்கக்கூடிய ஒன்று இருக்கிறது என்றால் அது மழைநீர் இணைப்புத்தான்.

மழைநீர் ஏன் பிரச்சினையாகிறது?

ஒரு குடும்பம் சமையலறையிலும் குளியலறையிலும் கழிப்பறையிலும் பயன்படுத்தி வெளியேற்றும் நீரின் அளவு நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை. அதைக் கணித்துக் குழாயின் அளவைத் தீர்மானிக்கலாம். மழை அப்படியல்ல. ஒரு மணி நேரக் கடும் மழையில் ஒரு கூரையிலிருந்தும் காங்கிரீட் முற்றத்திலிருந்தும் ஓடிவரும் நீர், அந்த வீட்டின் கழிவுநீரைப் பல மடங்கு விஞ்சிவிடும்.

இங்கிலாந்தின் பழைய நகரங்களில் இவ்விரு நீரும் ஒரே குழாயில்தான் ஓடுகின்றன. மழை வலுக்கும்போது குழாய் நிரம்பும். நிரம்பிய நீருக்கு இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று வீடுகளுக்குள் திரும்பி ஏறுவது, மற்றது ஆற்றுக்குள் போவது. வீடுகளைக் காப்பதற்காகவே ஆற்றுக்குப் போகும் அவசரகால வழிகள் அமைக்கப்பட்டன. விதிவிலக்காகப் பயன்படுத்தப்பட வேண்டிய அந்த வழிகள் வழக்கமான வடிகாலாக மாறிவிட்டன என்பதுதான் இன்றைய குற்றச்சாட்டு.

மலக்குழியிலிருந்து ஆற்றுக்கு

இந்த இணைப்பு உரிமை எப்படி உருவானது என்பதை அறிய லண்டனின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

1815ஆம் ஆண்டு வரை லண்டனில் வீட்டுக் கழிவைச் சாக்கடையில் விடுவது சட்டவிரோதமாக இருந்தது. சாக்கடை என்பது மழைநீருக்கு மட்டுமே. மலம் வீட்டின் அடியிலோ பின்புறத்திலோ உள்ள குழிக்குள் போகும். குழி நிரம்பினால் இரவில் ஆட்கள் வந்து அள்ளிச் செல்வார்கள். மக்கள்தொகை பெருகியதும், தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறைகள் பரவியதும் இந்த முறையைச் சீர்குலைத்தன. குழிகள் நிரம்பி வழிந்தன, கிணறுகள் கெட்டன, கொள்ளைநோய் வந்தது.

1840களின் இறுதியில் அமைக்கப்பட்ட லண்டன் சாக்கடை ஆணையம், மலக்குழிகளை மூடி வீடுகளைச் சாக்கடையுடன் இணைக்கும்படி பணித்தது. வீடுகள் சுத்தமாயின, தேம்ஸ் நதி கெட்டது. 1858ஆம் ஆண்டின் கோடையில் எழுந்த துர்நாற்றம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே இருக்க முடியாதபடி செய்த பிறகுதான் பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட்டின் பெருங்குழாய்த் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கப்பட்டது.

லண்டனுக்கு வெளியே உள்ள ஊர்களுக்காக 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. தமது வீட்டு வடிகாலை உள்ளூராட்சியின் சாக்கடையில் இணைக்கும் உரிமையை அது உரிமையாளர்களுக்கு அளித்தது. அன்றைய நிலையில் இது முற்போக்கான சட்டம். ஏழைகளின் தெருவை இணைக்க மறுக்கும் நகரசபையை அது கட்டுப்படுத்தியது. 1936ஆம் ஆண்டின் சட்டமும் பின்னர் 1991ஆம் ஆண்டின் சட்டமும் அதே உரிமையை அதிக மாற்றமின்றி எடுத்துக்கொண்டன.

ஆனால் இடையில் ஒன்று மாறியது. 1875இல் சாக்கடையைக் கட்டியதும், வீடு கட்ட அனுமதித்ததும், வரி வசூலித்ததும் ஒரே உள்ளூராட்சி அமைப்புத்தான். 1974இல் சாக்கடைகள் பிராந்தியத் தண்ணீர் அதிகார சபைகளிடம் சென்றன. 1989இல் அவை தனியார் மயமாகின. இன்று வீடு கட்ட அனுமதி தருவது உள்ளூராட்சி மன்றம், குழாயைச் சொந்தமாக வைத்திருப்பது தனியார் நிறுவனம், இணைக்கும் உரிமை கட்டுமான நிறுவனத்துக்கு. ஒருவர் முடிவெடுக்க மற்றொருவர் அதன் சுமையைத் தாங்கும் நிலை உருவாகிவிட்டது.

இல்ஃபோர்டும் ஸ்டான்மோரும்

இதன் விளைவை இரண்டு வழக்குகள் காட்டுகின்றன. இரண்டும் இன்று தமிழர்கள் கணிசமாக வாழும் பகுதிகளில் எழுந்தவை.

முதலாவது, அப்போது எசெக்ஸ் மாவட்டத்தின் பகுதியாக இருந்த இல்ஃபோர்டில் எழுந்தது. அங்கு ஒருவரது வீட்டு நிலத்தில், சாக்கடையின் மேன்ஹோல் வழியாகக் கழிவுநீர் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. குழாய் கட்டப்பட்ட காலத்துக்குப் பின்னர் ஏராளமான வீடுகள் அதில் இணைக்கப்பட்டதுதான் காரணம். அவர் நகரசபை மீது வழக்குத் தொடுத்தார். 1954இல் வந்த தீர்ப்பு நகரசபைக்குச் சாதகமாக இருந்தது. புதிய வீடுகளின் இணைப்பை மறுக்கும் அதிகாரம் நகரசபைக்குச் சட்டத்தில் இல்லை, ஆகவே அதனால் ஏற்பட்ட தொல்லைக்கு நகரசபை பொறுப்பல்ல என்று நீதிமன்றம் கூறியது.

இரண்டாவது, ஹரோ பகுதியின் ஸ்டான்மோரில். 1930களில் போடப்பட்ட குழாய்கள் அன்றைக்குப் போதுமானவையாக இருந்தன. பின்னர் வீடுகள் கூடின. 1992ஆம் ஆண்டு முதல் ஒரு வீட்டின் தோட்டத்துக்குள் மழைநீரும் கழிவுநீரும் மீண்டும் மீண்டும் புகுந்தன. வீட்டுக்காரர் தேம்ஸ் வாட்டர் நிறுவனத்துக்கு எதிராக நடத்திய வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் 2003 டிசம்பரில், அன்றைய உச்ச நீதிமன்றமாகச் செயற்பட்ட பிரபுக்கள் சபை அதை மாற்றியது. எந்தக் குழாயை எப்போது பெரிதாக்குவது என்பதை ஒழுங்குமுறை அமைப்பே தீர்மானிக்க வேண்டும், நீதிமன்றம் அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் வீட்டுக்காரரின் நிலை விளங்கும். மேல் தெருவில் புதிதாகக் கட்டுபவருக்கு இணைக்கும் உரிமை உண்டு. கீழ்த் தெருவில் ஏற்கெனவே வசிப்பவருக்கு அதைத் தடுக்கும் உரிமை இல்லை, குழாயைப் பெரிதாக்கும்படி நீதிமன்றத்தில் கேட்கும் உரிமையும் இல்லை.

இதில் 2024 ஜூலையில் ஒரு தளர்வு ஏற்பட்டது. மான்செஸ்டர் கப்பல் கால்வாய் நிறுவனத்துக்கும் யுனைட்டெட் யுட்டிலிட்டீஸ் தண்ணீர் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் தமது நீர்நிலைக்குள் விடப்பட்டால் அதன் உரிமையாளர் வழக்குத் தொடுக்கலாம், 1991ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இணைப்பு உரிமையை அந்தத் தீர்ப்பு தொடவில்லை.

2009ஆம் ஆண்டுத் தீர்ப்பு

இணைப்பு உரிமை நேரடியாகச் சோதிக்கப்பட்டது வேல்ஸில்தான். அபர்கவென்னி நகருக்கு அருகே உள்ள லான்ஃபொயிஸ்ட் என்ற ஊரில் 98 வீடுகளும் ஓர் ஆரம்பப் பாடசாலையும் கட்ட பாரட் ஹோம்ஸ் நிறுவனம் முனைந்தது. அது தெரிவுசெய்த இடத்தில் இணைத்தால் குழாய் தாங்காது, இன்னும் கீழே உள்ள ஒரு புள்ளியில் இணைக்க வேண்டும் என்று வேல்ஸ் தண்ணீர் நிறுவனம் கூறியது.

2009 டிசம்பரில், இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் பணியைத் தொடங்கியிருந்த புதிய உச்ச நீதிமன்றம் கட்டுமான நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எந்த இடத்தில் இணைப்பது என்பதை உரிமையாளரே தெரிவு செய்யலாம், கொள்ளளவு போதாது என்பதற்காகத் தண்ணீர் நிறுவனம் அதைத் தடுக்க முடியாது என்றது நீதிமன்றம். கொள்ளளவுப் பிரச்சினையை, வீடு கட்ட அனுமதி வழங்கும் கட்டத்திலேயே நிபந்தனைகள் மூலம் தீர்க்க வேண்டும் என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

கேட்பதற்கு நியாயமான வழிதான். நடைமுறையில் அதில் ஓர் ஓட்டை இருந்தது. திட்ட அனுமதி விண்ணப்பங்களில் கட்டாயமாகக் கருத்துக் கேட்கப்பட வேண்டிய அமைப்புகளின் பட்டியலில் தண்ணீர் நிறுவனங்கள் இடம்பெற்றிருக்கவில்லை. உள்ளூராட்சி மன்றம் விரும்பினால் கேட்கலாம். நிபந்தனை விதிக்கத் தவறினால், பின்னர் குழாய்க்காரரால் செய்யக்கூடியது எதுவுமில்லை.

எழுதப்பட்டும் உயிர் பெறாத சட்டம்

இதற்கிடையில் 2007ஆம் ஆண்டின் கோடை வெள்ளம் வந்திருந்தது. 13 பேர் உயிரிழந்தனர், சுமார் 55,000 கட்டடங்களுக்குள் நீர் புகுந்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் ஆறு பெருகியதால் பாதிக்கப்பட்டவை அல்ல. வடிய இடமின்றித் தேங்கிய மழைநீரே அங்கு புகுந்திருந்தது. அரசாங்கத்தின் வேண்டுகோளின் பேரில் சர் மைக்கேல் பிட் நடத்திய ஆய்வின் அறிக்கை 2008 ஜூனில் வெளியானது. புதிய கட்டடங்களின் மழைநீரைப் பொதுக் குழாயில் தானாகவே இணைக்கும் உரிமை நீக்கப்பட வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

2010ஆம் ஆண்டின் வெள்ளம் மற்றும் தண்ணீர் முகாமைத்துவச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை அந்தப் பரிந்துரையிலிருந்து பிறந்தது. அதன்படி, கட்டுமானம் தொடங்கும் முன்னரே மழைநீர் வடிகால் திட்டத்தை உள்ளூரில் உள்ள ஓர் அங்கீகார அமைப்பிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். மழைநீரை முடிந்தவரை அந்த நிலத்திலேயே உறிஞ்சவிடுவது, குளங்களிலும் புல்வெளிப் பள்ளங்களிலும் தேக்கி மெதுவாக விடுவது ஆகியவை தேசியத் தரங்களாக வகுக்கப்படும். ஒப்புதல் இல்லையெனில் பொதுக் குழாயில் இணைக்கும் உரிமையும் இல்லை. பல வீடுகளுக்குப் பொதுவான அமைப்பை, சரியாகக் கட்டப்பட்டிருந்தால், அந்த அங்கீகார அமைப்பே பொறுப்பேற்றுப் பராமரிக்க வேண்டும்.

இந்தக் கடைசி அம்சம் முக்கியமானது. குளத்தை வெட்டுவது எளிது, இருபது ஆண்டுகள் கழித்து அதைத் தூர்வாருவது யார் என்பதுதான் கேள்வி.

சட்டம் நிறைவேறியது, ஆனால் அட்டவணையை அமலாக்கும் உத்தரவு இங்கிலாந்தில் வரவில்லை. வீடு கட்டுவது தாமதமாகும் என்று கட்டுமானத் துறையும், ஆளும் பணமும் இல்லை என்று உள்ளூராட்சிகளும் கூறின. 2014 டிசம்பரில் அரசாங்கம் வேறு வழியை அறிவித்தது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டங்களில் இத்தகைய வடிகால் முறையைத் திட்ட அனுமதியின் பகுதியாகவே உள்ளூராட்சிகள் எதிர்பார்க்கும், 2015 ஏப்ரல் முதல் இது நடைமுறைக்கு வரும் என்றது. இணைப்பு உரிமையில் கை வைக்கப்படவில்லை. பத்துக்குக் குறைந்த வீடுகள் வலைக்கு வெளியே நின்றன.

2023 ஜனவரியில் அரசாங்கமே நடத்திய மீளாய்வு, அட்டவணை 3ஐ அமலாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2024இல் அது நடைமுறைக்கு வரும் என்று கூறப்பட்டது. தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது, ஆண்டும் முடிந்தது.

வேல்ஸ் காட்டிய வழி

ஒரே சட்டத்தின் ஒரே அட்டவணையை வேல்ஸ் 2019 ஜனவரி 7ஆம் தேதி முதல் செயற்படுத்துகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகள், அல்லது 100 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட கட்டுமானப் பரப்பு இருந்தால் வடிகால் ஒப்புதல் கட்டாயம். உள்ளூராட்சி மன்றமே அங்கீகார அமைப்பு. அதற்கு முன்னதாக, 2012 அக்டோபர் முதலே, பொதுக் குழாயுடன் இணையும் புதிய கழிவுநீர்க் குழாய்கள் வகுக்கப்பட்ட தரத்தில் கட்டப்பட வேண்டும், அவற்றைத் தண்ணீர் நிறுவனம் பொறுப்பேற்கும் ஒப்பந்தமும் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்று வேல்ஸ் விதித்திருந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒப்புதலுக்கான கட்டணமும் காத்திருப்பும் சிறு கட்டுமானக்காரர்களின் பழகிப்போன முறைப்பாடு. சிறிய உள்ளூராட்சிகளுக்குத் தேர்ந்த வடிகால் பொறியாளர்கள் கிடைப்பதும் எளிதல்ல. எனினும் அங்கு வீடு கட்டும் தொழில் நின்றுவிடவில்லை. எல்லையின் இருபுறமும் அதே நிறுவனங்கள் கட்டுகின்றன, ஒரு புறம் ஒப்புதலுடன், மறுபுறம் ஒப்புதலின்றி.

தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக உள்ள சிங்கப்பூரும் இதே திசையில்தான் சென்றது. அங்கு கழிவுநீரும் மழைநீரும் நாடெங்கும் தனித்தனி வழிகளில் ஓடுவதால் லண்டனின் சிக்கல் அதற்கு இல்லை. அப்படியிருந்தும், 2010இல் ஆர்ச்சர்ட் சாலை வெள்ளத்தில் மூழ்கிய அனுபவத்துக்குப் பின், 2014 ஜனவரி முதல் 0.2 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்தில் கட்டுபவர்கள் மழைநீரைத் தம் நிலத்திலேயே தேக்கி மெதுவாக வெளியேற்ற வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

கட்டுமான நிறுவனங்களின் வாதம்

இணைப்பு உரிமையை நீக்குவது குற்றவாளியை விட்டுவிட்டு வாடிக்கையாளரைத் தண்டிப்பதாகும் என்று கட்டுமானத் துறை வாதிடுகிறது. இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

அதே 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் 94வது பிரிவு, தமது பகுதியின் கழிவுநீர் முறையாக வடிவதற்கேற்பக் குழாய்களை அமைக்கவும் மேம்படுத்தவும் விரிவாக்கவும் தண்ணீர் நிறுவனங்களைக் கடமைப்படுத்துகிறது. ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் அவை உட்கட்டமைப்புக் கட்டணம் வசூலிக்கின்றன. பணத்தைப் பெற்றுக்கொண்டு குழாயைப் பெரிதாக்காதவர்கள், குழாயில் இடமில்லை என்று கூறி வீடுகளைத் தடுப்பதற்கு அனுமதிக்கலாமா என்ற கேள்விக்கு அந்த நிறுவனங்களிடம் நல்ல பதில் இல்லை. ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்வாட், தேம்ஸ் வாட்டருக்கு 2025 மே மாதத்தில் விதித்த 12 கோடியே 27 இலட்சம் பவுண்டு அபராதத்தின் பெரும் பகுதி கழிவுநீர் தொடர்பான மீறல்களுக்கானது.

ஆனால் அட்டவணை 3 கட்டுப்படுத்துவது மழைநீரைத்தான். கழிப்பறை நீரை இணைக்கும் உரிமை அப்படியே இருக்கும். மழைநீருக்கு மாற்று வழி உண்டு, கழிவுநீருக்கு இல்லை. இந்த வேறுபாடு விவாதங்களில் பெரும்பாலும் மறைக்கப்படுகிறது. வீடு கட்டவே முடியாமல் போகும் என்ற அச்சம் இதனால்தான் மிகைப்படுத்தப்பட்டதாகத் தோன்றுகிறது.

வீட்டுக்காரர் அறிய வேண்டியவை

சட்டத்தின் இந்த ஓட்டை பெரிய நிறுவனங்களின் விவகாரம் மட்டுமல்ல. லண்டனின் ஹரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் போன்ற பகுதிகளில் வீடு வாங்கி, பின்புறம் ஓர் அறையைக் கூட்டி, முன்புறத் தோட்டத்தைக் கார் நிறுத்துமிடமாக்கிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்களையும் இது தொடுகிறது.

2011 அக்டோபர் 1ஆம் தேதி வரை, இரண்டு மூன்று வீடுகளுக்குப் பொதுவாகப் பின்புறத்தில் ஓடிய குழாய் பல இடங்களில் அந்த வீட்டுக்காரர்களுக்கே சொந்தமாக இருந்தது. அன்று முதல், பொதுக் குழாயுடன் இணைந்திருந்த அத்தகைய கூட்டுக் குழாய்கள் தண்ணீர் நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டன. அடைப்பை நீக்கும் செலவு வீட்டுக்காரரை விட்டுப் போனது. ஆனால் அதன் மேல் கட்டுவதற்கு இப்போது நிறுவனத்தின் சம்மதம் தேவை. கட்டட ஒழுங்குவிதிகளின் 'எச்' பகுதி இதைக் கையாள்கிறது. பொதுக் குழாயிலிருந்து 3 மீட்டர் தூரத்துக்குள் கட்டுவதாயின் தண்ணீர் நிறுவனத்திடம் கேட்க வேண்டும். மலிவாகக் கட்டித் தருவதாகக் கூறும் கட்டுமானக்காரர் இதைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கக்கூடும். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் அந்தச் சம்மதப் பத்திரத்தைக் கேட்பார்.

அதே 'எச்' பகுதி மழைநீருக்கு ஒரு வரிசையையும் கூறுகிறது. முதலில் நிலத்துக்குள் உறிஞ்சுகுழி, அது இயலாவிட்டால் அருகிலுள்ள ஓடை, அதுவும் இயலாவிட்டால் மட்டுமே பொதுக் குழாய். உறிஞ்சுகுழி கட்டடத்திலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது வழிகாட்டல். லண்டனின் ஒடுங்கிய தோட்டத்தில், களிமண் நிலத்தில், இந்த இரண்டும் சேர்ந்து முதல் வழியை அடைத்துவிடுகின்றன. ஆகவே விதியில் கடைசியாக உள்ளதே நடைமுறையில் முதலாவதாகிவிடுகிறது.

முன்புறத் தோட்டத்துக்கும் சட்டம் உண்டு. 5 சதுர மீட்டருக்கு மேல், நீர் புகாத பொருளால் மூடி, நீர் தெருவுக்கு ஓடும்படி செய்வதாயின் 2008 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் திட்ட அனுமதி தேவை. தெருத் தெருவாக நடந்து பார்த்தால் இந்த விதி எவ்வளவு தூரம் பின்பற்றப்படுகிறது என்பது தெரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு, கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே எத்தனை அடி என்ற கேள்வி புதிதல்ல. வேலிக்கு அப்பால் உள்ளவரின் குழி தமது கிணற்றைக் கெடுத்துவிடும் என்று கண்கூடாகத் தெரிந்ததால் அயலவர்கள் அதற்காகச் சண்டையிட்டார்கள். லண்டனில் அதே தொடர்பு நிலத்தடியில், பல மைல் நீளக் குழாயில் மறைந்திருக்கிறது. இங்கு யாரும் அயலவருடன் அதற்காகச் சண்டையிடுவதில்லை.

2021 ஜூலை 25ஆம் தேதி அந்தத் தொடர்பு சில மணி நேரம் வெளியே தெரிந்தது. கிழக்கு லண்டனில் பெய்த திடீர் மழையில் விப்ஸ் கிராஸ், நியூஹாம் ஆகிய மருத்துவமனைகளுக்குள் நீர் புகுந்து, அவசர நோயாளிகளை வேறு இடம் செல்லும்படி கேட்க நேர்ந்தது. அன்று எந்த ஆறும் பெருகவில்லை.

செலவு யாருக்கு?

லண்டனின் பதில் 25 கிலோமீட்டர் நீளமுள்ள தேம்ஸ் டைட்வே சுரங்கம். ஆண்டொன்றுக்குச் சுமார் 3 கோடியே 90 இலட்சம் டன் கழிவுநீர் நதிக்குள் விழுந்துகொண்டிருந்ததைத் தடுக்கவே அது கட்டப்பட்டது. 2025 பிப்ரவரியில் அதன் இணைப்புகள் அனைத்தும் செயற்படத் தொடங்கின. பல நூறு கோடி பவுண்டு பெறுமதியான அந்தச் செலவை, தேம்ஸ் வாட்டரின் வாடிக்கையாளர்கள் தமது கட்டணத்தில் செலுத்துகிறார்கள். மற்ற நகரங்களுக்கு இப்படியொரு சுரங்கம் கிடையாது.

நகருக்கு வெளியே புதிய குடியிருப்புகளில் வீடு வாங்குவோர் வேறொரு செலவைச் சந்திக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் வெளியிட்ட அறிக்கையின்படி, மிகப் பெரிய 11 கட்டுமான நிறுவனங்கள் 2021-22இல் விற்ற புதிய வீடுகளில் 80 வீதமானவற்றுக்குக் குடியிருப்புப் பராமரிப்புக் கட்டணம் விதிக்கப்பட்டிருந்தது. சராசரியாக ஆண்டுக்கு 350 பவுண்டு. தெருவையும் வடிகாலையும் குளத்தையும் உள்ளூராட்சியோ தண்ணீர் நிறுவனமோ பொறுப்பேற்காததால், அவற்றைப் பராமரிக்கும் தனியார் நிறுவனத்துக்கு வீட்டுக்காரர்கள் பணம் கட்டுகிறார்கள். உள்ளூராட்சி வரியில் அதற்காக எந்தக் கழிவும் கிடைப்பதில்லை. இங்கிலாந்திலும் அட்டவணை 3 அமலாக்கப்பட வேண்டும் என்று அந்த ஆணையமும் பரிந்துரைத்தது.

2025 ஜூன் மாதத்தில் இங்கிலாந்து அரசாங்கம் மழைநீர் வடிகாலுக்கான புதிய தேசியத் தரங்களை வெளியிட்டது. மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்துவது அல்லது நிலத்தில் உறிஞ்சவிடுவது முதலில், பொதுக் குழாய் கடைசியில் என்ற வரிசையை அவை விரிவாகக் கூறுகின்றன. வேல்ஸின் தரங்களை ஒத்த பல அம்சங்கள் அவற்றில் உண்டு. ஆனால் அவை சட்டப்படி கட்டாயமானவை அல்ல. திட்ட அனுமதி வழங்குபவர்கள் கவனத்தில் எடுக்க வேண்டியவை மட்டுமே. அவற்றை வெளியிட்டபோது, அட்டவணை 3ஐ அமலாக்குவதா அல்லது அதே நோக்கத்தைத் திட்டமிடல் விதிகள் மூலம் எட்டுவதா என்பதில் அரசாங்கம் இறுதி முடிவை அறிவித்திருக்கவில்லை.

2024இல் பதவிக்கு வந்த தொழிற்கட்சி அரசாங்கத்தின் இலக்கு, ஒரு நாடாளுமன்றக் காலத்துக்குள் இங்கிலாந்தில் 15 இலட்சம் புதிய வீடுகள். தட்டுப்பாடும் விலையும் தெரிந்த எவரும் அந்த இலக்கைக் குறை கூறமாட்டார்கள். சட்டம் மாறாத வரை, அந்த வீடுகளைக் கட்டுபவர்கள் 106வது பிரிவின் கீழ் 21 நாள் முன்னறிவித்தல் கொடுத்துத் தமது குழாய்களை இணைத்துக்கொண்டே செல்லலாம்.